பெரிய டாக்டருக்கு ஒரு டர்க்கி டவல்

போன வாரம் மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழா. பரிசு கொடுக்கப் போயிருந்தேன். தலைமை ஆசிரியர் புத்தம்புது டர்க்கி டவல் ஒன்றைப் பிரித்து என் தோளில் போர்த்தினார். கைதட்டல்! நானோ அதைச் சட்டென்று உருவி நாற்காலியில் போட்டுவிட்டேன். பாவம், மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. 'என்ன திமிர் இந்த ஆளுக்கு' என்று நினைத்திருப்பார்.

திமிர் இல்லை சார். காரணம் இருக்கிறது... மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

என் மனைவியின் தம்பி செல்வம் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் இரும்பு உருளை ஒன்று நழுவி வலது காலில் விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது. தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். (பெயர் எதற்கு?) பெரிய டாக்டர் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார். "ஆறு மாசத்துல வேலைக்குப் போவான்" என்றார். அவர் காலில் விழாத குறைதான்.

தினமும் காலையில் அவர் ரவுண்ட்ஸ் வருவார். பின்னாலேயே டெட்டால் தண்ணீர் பேசினோடு ஆயா. ஆயாவின் தோளில் ஒரு டவல். டாக்டர் புண்ணைப் பார்ப்பார், பேசினில் கையை நனைப்பார், டவலில் துடைப்பார், அடுத்த கட்டிலுக்குப் போவார். என்ன சுத்தம் என்று வியந்து போனேன்! டவல்தான் நைந்து போயிருந்தது. இவ்வளவு பெரிய மனிதருக்கு இதுவா? அன்றைக்கே மார்க்கெட்டுக்குப் போய், இருப்பதிலேயே தடிமனாக ஒரு நீல டர்க்கி டவல் வாங்கி வந்து கொடுத்தேன். வார்டில் எனக்கு ஏக மரியாதை.

பத்து நாள் போயிருக்கும். பக்கத்துக் கட்டில்காரருக்குப் புண்ணில் சீழ் வைத்தது. அப்புறம் அதற்கடுத்த கட்டில். அப்புறம் எங்கள் செல்வம்.

"இன்னா மாமா, ஊசி மேல ஊசி போட்டுகினே கீறாங்க. சீழ் நிக்க மாட்டேங்குதே? காலு தேறுமா, தேறாதா... நீயாவது கேட்டுச் சொல்லு."

கேட்டேன். லேபில் சீழை எடுத்து, கிருமியை வளர்த்துக் கல்ச்சர் பார்த்தார்களாம். வழக்கமான மருந்து எதற்கும் இந்தக் கிருமி அசையவில்லையாம். மெட்ராஸ் முழுக்க அலைந்து விலை உயர்ந்த மருந்து வாங்கி வந்தேன். அதற்கும் அசையவில்லை. அடித்துக் கொல்ல முடியாத எதிரி, ஆனால் கண்ணுக்கே தெரியாது — யாரோடு சண்டை போடுவது?

வார்டு சிஸ்டர் எஸ்தர்தான் கவனித்தார். அந்த வரிசையில் ஏழு பேருக்குச் சீழ். மூலைக் கட்டில்காரருக்கு மட்டும் இல்லை. அவர் வேறு டாக்டரின் பேஷன்ட்; பெரிய டாக்டர் அவரைத் தொடுவதே இல்லை. சிஸ்டர் சத்தம் போடாமல் பேசின் தண்ணீரையும் டவலையும் லேபுக்கு அனுப்பினார். இரண்டிலும் அதே கிருமி.

என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பழைய டவலை டெய்லி வேகவெச்சுத் துவைப்போம். நீங்க குடுத்தது நல்ல டவல்னு ஆயா பெரிய டாக்டருக்குன்னே தனியா எடுத்து வெச்சிருக்காங்க. சாயம் போயிடும்னு துவைக்கல. மழை வேற... ஜன்னல்ல போட்டும் காயவே இல்ல."

கந்தல் டவல் என்றால் தினமும் துவைத்திருப்பார்கள். இது மரியாதைக்கு வந்த டவலாயிற்றே! நம் ஊரில் மரியாதைக்குக் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?

சிஸ்டர் நேரே போய்ப் பெரிய டாக்டரிடம் சொன்னார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாளே பேசின் போயிற்று. ஒவ்வொரு கட்டிலுக்கும் பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினார். துடைக்க, வேகவைத்த சின்னத் துணி — ஒரு தடவைக்கு ஒன்று. சீழ் வைத்த ஏழு பேரையும் தனி அறைக்கு மாற்றி, தனி நர்ஸ் போட்டார்கள். அதன்பின் வார்டில் புதிதாக யாருக்கும் வரவில்லை.

ஆனால் ஏழு பேரில் இரண்டு பேர் வீடு திரும்பவில்லை. செல்வம் திரும்பினான்... வலது கால் இல்லாமல்.

ஆபரேஷன் முடிந்த அன்றே எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து, மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். காலை எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். டவலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. செல்வத்திடமும் சொல்லவில்லை. கோழை நான், வேறென்ன?

இப்போது அனகாபுத்தூரில் சின்னதாகப் பெட்டிக்கடை வைத்திருக்கிறான். "மாமா மட்டும் ஓடியாடிப் பார்க்கலேன்னா நான் காலியாயிருப்பேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான். இந்தப் பத்திரிகையும் அவன் கடையில் தொங்குகிறது.

என் பத்தியை வாரம் தவறாமல் முதலில் படிப்பது அவன்தான்.