தேத்தண்ணி குடியாதவன்ர பெட்டி

நான் காலமையே சொன்னனான், அந்தப் பெட்டி எங்கட ஊரை விட்டுப் போகாது எண்டு.

வவுனியாக் கடையொண்டிலை விலைப்படாமல் தேங்கிக் கிடந்த, நெல்லேத்தி இழுக்கிற பெட்டியொண்டை உழவு மிசினுக்குப் பின்னாலை கொழுவிக்கொண்டு ஒருத்தன் எங்கட படலைக்கு வந்தான்.

"ஐயா, அரை விலைதான். மழை பட்டுப் பெயின்ற் மட்டும் மங்கிப்போச்சு."

மலிவுச் சாமானை வடிவாய்ப் பாக்கவேணும். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு அச்சுக்குக் கீழை படுத்தே பாத்தன். வன்னியிலை என்னை மாதிரிப் பெட்டி பாக்க ஆளில்லை. ஒரு குறையும் இல்லை.

ஆனா விக்கத் தெரியாதவன். என்ர மனுசி தேத்தண்ணி நீட்ட, "வேண்டாம், நேரமில்லை" எண்டிட்டான். வீட்டுத் தேத்தண்ணி குடியாதவனிட்டை ஆர் சாமான் வாங்குவினம்? அனுப்பிவிட்டன்.

பின்னேரம் பாத்தா, பக்கத்து வளவிலை, மனுசியின்ர தம்பி தவத்தின்ர முத்தத்திலை, அதே பெட்டி மாலையோட நிக்குது! அறுவடைக்கு நெல்லேத்த இப்பவே ரெண்டு பேர் கேட்டிட்டினமாம். நான் வேலியடிக்குப் போனன்.

"பெயின்ற் மங்கல்தானே, தவம்."

"ஓம் அத்தான். உங்கட முகமும் அப்பிடித்தான் கிடக்கு."

இதை எழுதேக்கை மனுசி எட்டிப் பாத்திட்டுக் கேக்கிறா: "எந்தத் தேத்தண்ணி? விலையை இன்னும் குறை, இன்னும் குறை எண்டு அந்த மனிசனை வெயிலுக்கை நிப்பாட்டி வைச்சது ஆர்? தம்பியெல்லோ உள்ளுக்கை கூப்பிட்டுத் தேத்தண்ணி குடுத்தவன்."

சரி, தேத்தண்ணிக் கதை மட்டும் நான் சோடிச்சது.

உங்கட பக்கம் பெட்டி விக்கிறவன் ஆரும் வந்தா இஞ்சாலை அனுப்பிவிடுங்கோ. கேத்தில் அடுப்பிலைதான் கிடக்கு.