சந்தனம் பட்ட புத்தகங்கள்

"எல்லாத்தையும் துருவிக் கேக்கிற விடுப்பு! ஒரு அன்ரிக்கு விருது குடுத்தாங்கள், கையைத் தட்டினாய். அதோட விடாமல், அந்த அன்ரியின்ர புத்தகத்தில ஏன் மஞ்சள் கறை எண்டு கேக்க நீ என்ன பொலிஸோ?" என்று நேற்றுப் பேத்தியை ஏசினேன். ஏசினாலும், சொல்லாவிட்டால் எனக்குத்தான் நித்திரை வராது.

நாங்கள் ஜெர்மனிக்கு, டோர்ட்மண்டுக்கு வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. எனக்கும் படிப்புக்கும் அப்போதே பேச்சுவார்த்தை இல்லை. அந்த அன்ரி நாலாம் மாடியில் இருந்தார். தகப்பன் கானாக்காரர், தாய் ஜெர்மன்காரி. கறுப்பின மக்கள் எழுதிய புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்திருந்தார். அவற்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டவென்று தெரு மண்டபத்தை ஒரேயொரு மாலைக்குக் கேட்டு வாங்கியிருந்தார். பிள்ளைகள் இருந்து கேட்டால் மண்டபம் தொடர்ந்து கிடைக்கும். எழும்பி ஓடினால் அதோடு சரி. கடைசி நேரத்தில் மாடியிலிருந்து தூக்கி இறக்க ஏலாதென்று, புத்தகப் பெட்டியை முதல்நாளே கீழே எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மண்டபத்துக்குப் போகவேண்டிய நாள்தான் சரஸ்வதி பூசையும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே புத்தகம் டெலிபோன் புத்தகம். "இதை வைச்சா சரஸ்வதி ஆருக்குப் போன் எடுக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே அம்மா அன்ரியின் பெட்டியைத் திறந்தார். கூறைச் சீலையை விரித்து, அத்தனையையும் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

மாலையில் அன்ரி வந்தார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"பூசையில வைச்சதை நாளைக்கு விஜயதசமி விடிஞ்சாத்தான் தொடலாம். இண்டைக்கு ஏலாது எண்டு சொல்லு."

விஜயதசமியை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? "புத்தகமெல்லாம் நித்திரை. எழுப்பினால் அம்மா அடிப்பா" என்றேன்.

அன்ரி மணிக்கூட்டைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார். "அப்ப அதுகள் படுக்கட்டும். நாங்கள் ஓடுவம், வா!"

மண்டபத்தில் வெறுங்கையோடு நின்று எல்லாக் கதையையும் மனப்பாடமாகச் சொன்னார். சொன்னாரா? ஆடினார்! சந்தைக்காரியாகக் கத்தினார், தரையில் தட்டி மழை பெய்ய வைத்தார். நாங்களும் கத்தினோம், தட்டினோம். கூட்டிப்போக வந்த தாய்மார் வாசலிலேயே குந்திவிட்டார்கள். மண்டபக்காரர் நேரமாகிவிட்டதென்று பூட்டின் திறப்பை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். கடைசியில் தானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக் குந்தினார். அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் மண்டபம் எங்களுக்குத்தான்!

மறுநாள் விடிய அன்ரி புத்தகங்களை எடுக்க வந்தார். பட்டுக்கு மேல், பூவுக்கு நடுவில், அட்டை அட்டையாகக் கறுப்பு முகங்கள். ஒவ்வொரு நெற்றியிலும் அம்மா வைத்த பொட்டு. அன்ரி அப்படியே நின்று அழத் தொடங்கிவிட்டார். கறைக்குத்தான் அழுகிறார் என்று நான் ஈரத்துணியோடு ஓடினேன். துடைக்க விடவில்லை, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பிறகு தலை நரைக்கும்வரை, அதே புத்தகங்களோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் திரிந்தார். ஒரு கறையை ஏன் ஒருவர் இப்படிக் காப்பாற்றுகிறார் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவேயில்லை.

பக்கத்துக் கட்டடத்துத் தமிழ் அக்காமார் கேள்விப்பட்டு அன்றைக்கே வந்துவிட்டார்கள். "கறுப்பியின்ர புத்தகத்தையோ சரஸ்வதிக்கு முன்னால வைச்சனீங்கள்?"

அம்மா கடலைத் தட்டை நீட்டினார்.

"ஓம். வெள்ளைச் சீலை உடுத்திருக்கிறா எண்டதுக்காக, சரஸ்வதியையும் வெள்ளைக்காரி எண்டு நினைச்சிட்டியளோ?"