மலைவேம்புக் கதவு

மேல்படிப்புக்கு வந்து நான் வேலையில் அமர்ந்துவிட்ட டென்மார்க் ஊரில் அலுவலகத்திலிருந்து பாதியில் கிளம்ப இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று காய்ச்சல், இன்னொன்று காற்று. சேர்ந்த முதல் வாரம் ஒரு கூட்டத்தின் நடுவில் மேலாளர் ஜன்னல் பக்கம் பார்த்து, "காற்று வந்துவிட்டது" என்றார். நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். பத்து நிமிடத்தில் பாதிப்பேரைக் காணோம், கடலுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ஏரியூரில் ஆடிக் காற்று வந்தால் தகரக் கூரைமேல் கல் வைப்போம், காயப்போட்ட துணியை ஓடிப்போய் எடுப்போம். காற்றுக்கு யாரும் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

என்னைக் கடலுக்கு இழுத்துப்போனவள் பக்கத்து வீட்டு கிர்ஸ்டன், பள்ளியில் கணக்கு டீச்சர். பெரிய பட்டத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையுடன் தண்ணீர்மேல் வழுக்கிப்போகும் கைட்போர்டிங்கில் அவளுக்குப் பைத்தியம். பலகையைக் கடையில் வாங்க மாட்டாள், கார் ஷெட்டில் தானே செய்வாள். எடையில்லாத மரத்தை மெல்லிய சட்டங்களாக அறுத்துப் பக்கம் பக்கமாக ஒட்டி, இருபுறமும் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் என்ற பசையில் நனைக்க வேண்டும். அது இறுகுமுன் வளைந்த அச்சின் மேல் வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி, காற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். உறை இறுக்கிப் பிடிக்க, பலகையும் அச்சைப் போலவே வளைந்து நிற்கும். அந்த வளைவு இல்லாவிட்டால் பலகையின் மூக்கு தண்ணீரில் குத்திவிடும் என்பாள் கிர்ஸ்டன்.

இதையெல்லாம் போனில் சொன்னபோது அம்மா அப்பாவிடம் முறையிட்டது எனக்கும் கேட்டது. "பட்டம் வாங்கப் போனவ அங்க பட்டம் உட்டுட்டு இருக்கறாளாம், கேட்டீங்களா?" சிரிப்பு எனக்குத்தான், அவளுக்குப் பயம். கடலில் காற்று என்று நான் சொன்ன நாளெல்லாம் அவள் சாப்பிடுவதில்லை என்று அண்ணன் சொன்னான். படம் அனுப்பினால் பார்க்கவே மாட்டாள். கடைசியில் ஒருநாள், "இத உட்டுடறேன்னு சத்தியம் பண்ணு கண்ணு" என்றாள். ஒரே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் கேள், அப்போதும் வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்பா மட்டும் என்ன மரம் என்று கேட்டார். எடையில்லாத மரம் என்றதும், பிளைவுட்டுக்காகத் தான் வளர்க்கும் மலைவேம்பு இருக்க வேறு எதற்கு என்றார். அந்த ஆடியில் நானும் கிர்ஸ்டனும் இழைத் துணியும் பட்டமுமாக ஏரியூர் வந்து இறங்கினோம். ரெசினைப் பெங்களூரில் வாங்கினோம், ஒரு பலகைக்குச் சரியாக இருந்தது. அப்பா வளைந்த அச்சும் செய்து, சட்டங்களைத் தாராளமாகவே அறுத்து வைத்திருந்தார். ஒட்டிப் பார்த்தால் கதவு அகலம். ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அண்ணன் செல்வம் பிரிட்ஜ் மெக்கானிக். காற்றை உறிஞ்சும் பம்பு வேண்டும் என்றதும் பழைய பிரிட்ஜின் கம்ப்ரசரைக் கழற்றித் தலைகீழாக வேலை செய்ய வைத்தான். கிர்ஸ்டன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தாள்.

டென்மார்க்குக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, உறையை ஒட்டும் டேப் வாங்க நான் பென்னாகரம் போனேன். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு நெருப்பூரிலிருந்து பிரிட்ஜ் பழுதென்று போன். எங்கள் ஊர் வழக்கப்படி கிர்ஸ்டனிடம், "போயிட்டு வர்றேனுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்திருக்கிறான். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் ஒன்று 'வர்றேன்'. செல்வம் இதோ வந்துவிடுவான், இருவராகத் தூக்கி அச்சில் வைத்துவிடலாம், டேப்பும் அதற்குள் வந்துவிடும் என்று ரெசின் முழுவதையும் கலந்து இருபுறமும் பூசி முடித்துவிட்டாள். அவளுடைய ஊர்க் குளிரில் அந்த ரெசின் அரைமணி நேரம் தாங்கும். எங்கள் ஊர் உச்சிவெயிலில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

நான் திரும்பியபோது பலகை மேஜைமேல் கல்லாக இறுகிக் கிடந்தது. தட்டை. ஒரு விரல் வளைவில்லை. மிச்ச ரெசின் இருந்த டப்பா புகைந்துகொண்டிருந்தது.

"வருகிறேன் என்றுதானே சொன்னான்?" என்றாள் கிர்ஸ்டன்.

"இல்லை, போகிறேன் என்று சொன்னான்."

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் 'போறேன்' என்று சொல்லமாட்டோம் என்று விளக்கினேன். "அப்படியென்றால் வருகிறவன் என்ன சொல்வான்?" என்று கேட்டாள். அதையும் வர்றேன் என்றுதான் சொல்வோம் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த மேஜைமேல் கிடந்தது.

அம்மா கிட்டே வந்து பலகையைத் தட்டிப் பார்த்தாள். "கதவாட்டம் இருக்குதே" என்றாள். மொழிபெயர்த்துச் சொன்னதும் கிர்ஸ்டன் துள்ளி எழுந்துவிட்டாள். அவர்கள் ஊரிலும் காற்று குறைந்த நாளில் ஏறும் அகலமான தட்டைப் பலகையைக் கதவு என்றுதான் கேலியாகச் சொல்வார்களாம். அலையில்லாத தண்ணீரில் கொஞ்சம் பின்காலில் சாய்ந்து நின்றால் மூக்கு குத்தாதாம். அகலத்தைக் குறைக்காமல் முனைகளை மட்டும் உருட்டி வெட்டினோம். அண்ணன் லாரி டியூபை வெட்டிக் கால்வார் மாட்டினான். பாவம், அன்று முழுக்க யாரிடமும் வர்றேன் என்று சொல்லவே பயந்தான்.

மறுநாள் நாகமரையில் அணைத் தண்ணீர் விரிந்து கிடந்தது. நாலு நாளாகச் சுழற்றியடித்த காற்று அன்று பார்த்துத் தணிந்துவிட்டது. நாங்கள் முதலில் நினைத்த பலகையாக இருந்தால் அந்தக் காற்றில் முழங்காலோடு அமிழ்ந்திருப்பேன். பரிசல்காரர்கள் துடுப்பை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். லைப் ஜாக்கெட்டை அம்மாவே வந்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். "போயிட்டு வர்றேம்மா" என்றேன். பட்டம் எழும்பியது, மலைவேம்பு வழுக்கியது. பயத்தில் தொடங்கிய கத்தல் பாதியில் சிரிப்பாகிவிட்டது. அக்கரைப் பக்கம் வரை போய்த் திரும்பி, அவள் காலடியில் வந்து நின்றேன். அம்மா என் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள். சத்தியம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இன்னொருக்கா போ கண்ணு" என்றாள்.

விமானத்தில் பட்டத்துக்கு இடம் கிடைத்தது, பலகைக்குக் கிடைக்கவில்லை. அதனால் பட்டம் டென்மார்க்கில் இருக்கிறது, பலகை ஏரியூர் வீட்டில் பின்கதவுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது. கிளம்பும்போது கிர்ஸ்டன் வாசலில் நின்று எல்லாரிடமும் தனித்தனியாகப் போயிட்டு வர்றேன் சொன்னாள். இப்போது மறுபடி ஆடி. நேற்று அலுவலகத்தில் மேலாளர் ஜன்னலைப் பார்த்து எழுந்த நேரத்தில் அம்மாவின் போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

"இங்க நல்லாக் காத்தடிக்குது கண்ணு" என்றாள். "உன் கதவு சும்மாத்தான் நிக்குது."