பதிவில் இல்லாத அழைப்பு

1. சிவப்பு போன்

மண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு பிரஸ் ஷாப். கார் கம்பெனிகளுக்குத் தகட்டில் பிராக்கெட் அடித்துக் கொடுப்பார்கள். அறுபது பேர் வேலை செய்தார்கள். ரோடு அகலப்படுத்தத் தோண்டும்போதெல்லாம் அவர்களுடைய லேண்ட்லைன் அறுந்துபோகும், சரிசெய்ய ஆள் வர வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் முதலாளி வெறுத்துப்போய், பழைய டெலிபோன் போர்டையே கழற்றிவிட்டு இன்டர்நெட்டில் ஓடும் போன் போடச் சொன்னார். வேலை எனக்கு வந்தது.

டெலிபோன் வேலையில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ். குழிக்குள் இறங்கி கேபிள் ஜாயின்ட் அடித்ததில் ஆரம்பித்தவன். அந்தக் கர்வம் நிறைய இருந்தது. இதை இப்போது படிக்கிற டெக்னீஷியன் தம்பிகளே, அது உங்களுக்கும் வரும். ஜாக்கிரதை.

அந்த ஷாப்பில் மெஷின் பக்கம் மொபைல் கூடாது. காலையில் கேட்டில் டோக்கன் வாங்கிக்கொண்டு பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதனால் பிரஸ் வரிசைக்கு நடுவில் தூணில் ஒரு சிவப்பு போன் இருந்தது. அவசரத்துக்கு அது ஒன்றுதான். அந்த இடத்தில் நானும் சிவப்பிலேயே ஒரு ஐ.பி. போன் மாட்டினேன். எண் பதினான்கு.

மாட்டும்போது சூப்பர்வைசர் ஏகாம்பரம் வந்து நின்றார். சேரப்பணஞ்சேரிக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர். எண்ணெய் படாமல் இருக்கப் போனுக்கு நான் பிளாஸ்டிக் உறை போட்டதைப் பார்த்துவிட்டு, "இன்னா சேகரு, போனுக்கு டவுசர் மாட்டிக்கினு கீற?" என்றார். பக்கத்து பிரஸ்ஸில் இருந்த தேவராஜ் சிரித்தார். தேவராஜ் அவருடைய தங்கை வீட்டுக்காரர். ஏகாம்பரம்தான் அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்.

ரிசப்ஷனில் இருந்த ஸ்டெல்லா மட்டும் கேட்டார். "அண்ணே, பழைய போனு கரண்ட் இல்லன்னாலும் பேசும். இது பேசுமா?"

நியாயமான கேள்வி. பழைய லைனுக்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வந்துவிடும். இதற்கு நாம்தான் கொடுக்க வேண்டும். நான் ஆபீஸ் கரண்ட்டை நிறுத்திக் காட்டினேன். யு.பி.எஸ். பிடித்துக்கொண்டது. ஷாப்புக்குப் போய்ச் சிவப்பு போனை எடுத்து ஸ்டெல்லாவையே கூப்பிட்டேன். "இப்ப திருப்தியா மேடம்?" என்று கேட்டேன். கேட்ட தோரணை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. வெளிக் கரண்ட் போனாலும் பத்து செகண்டில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

2. நான் எழுதிக் கொடுத்த லெட்டர்

நான்கு மாதம் ஓடியது. ஒரு காலை டீ டைமுக்குக் கொஞ்சம் முன்னால் தேவராஜின் வலது கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஏகாம்பரம் கதவோரம் நின்றிருந்தார். சட்டைக் காலரில் காய்ந்த ரத்தம் இருந்தது, வீட்டுக்கே போகவில்லை போல.

"அந்த ஆள் கத்துறான், இவர் போனப் புடிச்சிக்கிட்டு சும்மா நின்னிருக்கார். செக்யூரிட்டி கேட்டுக்கு ஓடிப்போய் மொபைல்ல கூப்பிட்டப்புறம்தான் ஆம்புலன்ஸ் வந்திருக்கு. அன்னிக்கு கால் லாக்க எடுத்துப் பாரு" என்றார் முதலாளி.

கம்ப்யூட்டரில் கால் லாக்கைத் திறந்தேன். இந்த சிஸ்டத்தில் யார் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிட்டாலும் பதிவாகிவிடும். பதினான்கிலிருந்து அன்றைக்கு அந்த நேரத்தில் ஒரு அழைப்பும் இல்லை. சொன்னேன்.

"ரெண்டு வாட்டி எடுத்தேன்பா சேகரு. காதுல ஒன்னியும் வர்ல" என்றார் ஏகாம்பரம்.

நான் போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். டயல் டோன் கணீரென்று வந்தது. "பதட்டத்துல சரியா எடுத்திருக்க மாட்டீங்கண்ணே" என்றேன்.

முதலாளி எழுதிக் கேட்டார். 'எண் 14-இலிருந்து அழைப்பு எதுவும் செய்யப்படவில்லை. கருவி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த லெட்டர் ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குப் போயிற்று. ஏகாம்பரத்தை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கூடப் பிறந்தவள் புருஷன் துடிக்கும்போது மரம் மாதிரி நின்றவன் என்று ஊரில் பேசினார்கள். தங்கை அவரோடு பேச்சையே விட்டுவிட்டார்.

3. மெயின்

மூன்று வாரம் கழித்து ஸ்டோர்ஸில் ஒரு போன் கூடுதலாக மாட்டப் போனேன். அன்றைக்கு எலெக்ட்ரீஷியன் பேனலைச் சுத்தம் செய்வதற்காக ஷாப்பின் மெயின் ஸ்விட்சை இறக்கினான். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சிவப்பு போனின் வெளிச்சம் அணைந்தது.

எடுத்துக் காதில் வைத்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போதுதான் டூல் ரூம் ஞாபகம் வந்தது. ஆபீஸிலிருந்து தூணுக்குத் தூரம் அதிகம், ஒரே ஒயரில் சிக்னல் எட்டாது. அதனால் நடுவில் டூல் ரூமில் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி வைத்து, கைக்கெட்டிய பிளக்கில் சொருகியிருந்தேன். போனுக்குக் கரண்ட்டும் அந்தப் பெட்டியிலிருந்துதான். அந்த பிளக் ஷாப் பேனலைச் சேர்ந்தது. ஆபீஸ் யு.பி.எஸ்.ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மெயினை இறக்கினால் ஜெனரேட்டர் கரண்ட்டும் ஷாப்புக்கு வராது. நான் டெஸ்ட் செய்தது ஆபீஸ் கரண்ட்டை மட்டும்.

"தேவராஜ் கை மாட்டின அன்னிக்கு மெயின இறக்கினாங்களா?" என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன்.

"பின்ன? கை மாட்டினா மொதல்ல மெயின எறக்கணும், அப்பால தான் மத்ததெல்லாம். ஏகாம்பரம் அண்ணன்தான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. அன்னிக்கும் அவருதான் ஓடிப்போய் எறக்கினாரு. கைய பிரஸ்லேர்ந்து வெளிய எடுத்தப்புறம்தான் திரும்பப் போட்டோம்."

அந்த மனிதர் செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்திருக்கிறார். மெயினை இறக்கினார், பிறகு போனை எடுத்தார். போனைச் செத்துப்போக வைத்திருந்தது நான்.

ஆபீஸுக்குப் போய்க் கால் லாக்குக்குக் கீழேயே இருந்த இன்னொரு பக்கத்தைத் திறந்தேன். எந்தப் போன் எப்போது நெட்டில் இருந்தது, எப்போது இல்லை என்று அது காட்டும். விபத்து நடந்த அன்று அந்த நேரத்தில் பதினான்காம் எண் போன் பத்தொன்பது நிமிடம் இணைப்பில் இல்லை. ஒரு கிளிக் தூரம். லெட்டர் எழுதிய அன்றைக்கு அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

முதலாளி பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "முடிஞ்சு போனத ஏன் கிளர்ற சேகர்? இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல உன் லெட்டர்தான் இருக்கு. நாளைக்கு உன்னத்தான் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். அது பொய் லெட்டர்" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். புது லெட்டர் எழுதி நானே இன்ஸ்பெக்டர் ஆபீஸில் கொடுத்தேன். அதன் பிறகு அந்த கேட்டுக்குள் எனக்கு வேலை இல்லை. ஏகாம்பரத்துக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

4. சேரப்பணஞ்சேரி

ஏகாம்பரம் வீட்டில் தனியாக இருந்தார். பிரிண்ட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

"அப்ப நான் எடுத்தேன்ல?" என்று கேட்டார்.

"எடுத்தீங்கண்ணே."

"எனுக்கே டவுட்டு வந்துடுச்சுப்பா. மிசினே சொல்லுது, நீயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்ட. தங்கச்சி மூஞ்சியப் பாத்து எடுத்தேன்னு சொல்ல வாய் வர்ல." பிரிண்ட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "இத நீயே போய் அவகிட்ட சொல்லு. நான் சொன்னா ஒப்புக்க மாட்டா" என்றார்.

தம்பிகளே, போன் மாட்டினால் அந்த இடத்தில் ஆபத்து வந்தால் முதலில் என்ன செய்வார்கள் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள். அதைச் செய்துவிட்டுப் போனை எடுத்துப் பாருங்கள். லெட்டர் எழுதினால் எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டையும் எழுதுங்கள். எனக்கு இது அறுபது வயதில்தான் தெரிந்தது.

தங்கை வீடு அடுத்த தெரு. ஏகாம்பரம் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நான் தாளை நீட்டியதும் தேவராஜ் பழக்கத்தில் வலது கையைத்தான் நீட்டினார். பிறகு இடது கையால் வாங்கிக்கொண்டார். கட்டுப் போட்டிருந்த கையை அவர் மனைவி முந்தானையால் மூடினார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"கூப்ட்டிருந்தா கை பொழச்சிருக்குமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன்.

தேவராஜ் தாளை மறுபடி பார்த்தார். பிறகு மனைவியிடம், "போய் ஒங்க அண்ணனக் கூப்டு" என்றார். அந்த அம்மா செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போனார்.

என்னை அவர் உட்காரச் சொல்லவில்லை.