கால் சுற்று இறுக்கிய நட்டு

என் மனைவி சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தியதற்கு நான்தான் காரணம். அவளுடைய சைக்கிளின் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் நட்டைத் தெரிந்தே கால் சுற்று கூடுதலாக இறுக்கினேன். அதன்பின் இருபது வருடத்துக்கும் மேலாக, தலைசுற்றலால் தன் தலைதான் நிலைக்கவில்லை என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல எனக்குத் தினமும் நேரம் இருந்தது. சொல்லவில்லை.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். வீடு இராஜபாளையத்தில், இப்போதும் அதே வீடுதான். காலையில் பஸ்ஸில் போய் மாலையில் பஸ்ஸில் திரும்புவேன். மகள் ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் மனைவி ஒரு வேலையில் சேர்ந்தாள். மதுரை ரோட்டில், ஊரைத் தாண்டி, நைட்டி தைக்கும் கம்பெனி ஒன்று இருந்தது. தைத்து முடித்த துணியில் தையல் பிரிந்திருக்கிறதா, பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். அவள் பிறந்த ஊர் கான்சாபுரம். வத்திராயிருப்புக்குச் சைக்கிள் மிதித்துப் போய்ப் படித்தவள். அதனால் பஸ் வேண்டாம் என்று சொல்லி, பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

ஒரு நாள் காலை மார்க்கெட் நெரிசலில் என் பஸ் நின்றிருந்தபோது அவள் எங்களைக் கடந்து போனாள். பக்கத்தில் என் பள்ளியின் டிராயிங் மாஸ்டர். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டம்மா உங்களை முந்திட்டுல்லா போறாக. பேசாம பின்னாடி கேரியர்ல உக்காந்து வந்துருங்களேன். டிக்கெட்டும் மிச்சம்" என்றார். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தக் கேலியால்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மாலையில் அவள் வியர்த்துப்போய் வருவாள். வாசலில் இறங்கும்போதே கம்பெனியில் யார் யாரை என்ன சொன்னார்கள் என்று மகளிடம் ஆரம்பித்துவிடுவாள். இருவரும் அடுப்படியில் சிரிப்பார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவள் என்னோடு அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

வேகத்தடைகளில் ஏறி இறங்கி ஹேண்டில்பார் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. கடையில் விட்டால் ஒரு நாள் வேலை கெடும் என்றாள். நான் செய்து தருகிறேன் என்றேன். சொன்னபோது என்னிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பஜாரில் புது கோன்செட் வாங்கி வந்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், சைக்கிள் சட்டத்துக்குள் தடையில்லாமல் திரும்புவதற்காக மேலும் கீழும் வைக்கும் கிண்ணங்கள், இரும்புக் குண்டுகள், அவற்றை மூடும் கோன், எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில் பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கம்பிகளை விடுவித்து, ஹேண்டில்பாரை உருவி, ஃபோர்க்கை வெளியே எடுத்தேன். பழைய கிண்ணங்களை உள்ளிருந்து இரும்புக் கம்பியால் தட்டி எடுத்து, புதியவற்றின் மேல் மரக்கட்டை வைத்து, கோணாமல் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். கிரீஸில் குண்டுகளைப் பதித்து ஃபோர்க்கை ஏற்றி, மேல் கோனைக் கையால் திருகினேன். ஆட்டமும் இருக்கக் கூடாது, பிடிப்பும் இருக்கக் கூடாது. அந்த இடத்தைச் சரியாகவே கண்டுபிடித்தேன்.

அப்போது உள்ளே அவள் மகளிடம், "நாளையிலருந்து சத்தமே இருக்காது, பாரு. மாடு மாதிரி மிதிச்சிட்டுப் போவேன்" என்றாள். மகள் மாடு போலக் கத்திக் காட்டினாள். என் கையில் ஸ்பேனர் இருந்தது. கோனைக் கால் சுற்று கூட்டி, அதன் மேல் பூட்டு நட்டைப் போட்டு இறுக்கினேன்.

நிற்கும் சைக்கிளில் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைத் திருப்பினால் அந்த இறுக்கம் பெரிதாகத் தெரியாது. ஓட்டும்போதுதான் தெரியும். நேராகப் போவதாக நாம் நினைக்கும் நேரத்திலும் கை ஹேண்டில்பாரைத் துளித்துளியாக இடமும் வலமும் திருப்பியே உடம்பை நிமிர்த்தி வைக்கிறது. அந்தச் சின்ன அசைவு தடைப்பட்டால் சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கும், பிறகு மறுபக்கம் வெட்டும். ஓட்டுகிறவருக்குச் சைக்கிள் மேல் சந்தேகம் வராது, தன் மேல்தான் வரும். இதையெல்லாம் நான் வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன்.

"கொஞ்சம் கனமா இருக்கே" என்றாள் மறுநாள் காலை.

"புதுசுல்லா, ஓட ஓட சரியாயிரும்" என்றேன்.

அந்த வாரம் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை முழங்கை சிராய்த்து, சேலையில் மண்ணோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். "எனக்கு என்னமோ ஆயிருச்சிங்க. நேராவே போக முடியல. தலை ஒரு பக்கமா இழுக்கு" என்றாள். நான்தான் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை நான்தான் வாங்கினேன். அவள் பல மாதம் அதை விழுங்கினாள்.

பயந்துபோய் அந்த வாரக் கடைசியிலேயே, அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கோனைத் தளர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தேன். இரண்டு நிமிட வேலை. ஆனால் அவள் அந்தச் சைக்கிளைத் தொடவே இல்லை. கம்பெனி நேரத்துக்கு பஸ் ஒத்துவரவில்லை. வேலையை விட்டாள். சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடி மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினோம். அதன்பின் படி இறங்கும்போது சுவரைப் பிடித்தாள். ஸ்டூலில் ஏற மாட்டாள். மகள் சைக்கிள் கேட்டபோது, "வேண்டாம்டி, நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்குத் தலை நிலைக்காது" என்று அவளே தடுத்தாள். மகள் இன்று கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறாள். ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது.

போன வருடம் மனைவியின் முட்டி வலிக்காக ஒரு பெண் டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னபோது, "எனக்குத் தலை நிலைக்காதும்மா, பிடிச்சிக்கிடுங்க" என்றாள் மனைவி. டாக்டர் அவளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். எல்லாவற்றையும் அவள் ஆடாமல் செய்தாள்.

"உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. யாரு சொன்னா?"

"இவியதான் அப்ப டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாக" என்று என்னைக் காட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் சாக்கை எடுத்துவிட்டுச் சைக்கிளை வெளியே கொண்டுவந்தேன். துருப்பிடித்திருந்தது. கழற்றிப் பார்த்தால், கிண்ணங்களுக்குள் குண்டுகள் நின்ற இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. புது டயர், டியூப், கோன்செட் எல்லாம் வாங்கினேன். இப்போது சுத்தியலை ஓங்கித் தட்டத் தெம்பில்லை. அதனால் முழுக்க மரை வெட்டிய நீளமான கம்பி ஒன்று வாங்கி, சட்டத்துக்குள் விட்டு, இரண்டு முனையிலும் வாஷரும் நட்டும் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக் கிண்ணங்களை நேராக உள்ளே இறக்கினேன். இரண்டு நாள் ஆயிற்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "யாருக்குக் குடுக்க இம்புட்டுப் பாடு?" என்று கேட்டாள்.

கோனைச் சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, அவளைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று செய்தது, ஏன் செய்தேன் என்பது, மாத்திரை, எல்லாம். கீரை ஆயும் சத்தம் நின்றது.

"எம்புட்டு இறுக்குனீக?" என்றாள்.

"கால் சுத்து."

"காட்டுங்க."

காற்றில் ஸ்பேனரைத் திருப்பிக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்ப அம்புட்டு இறுக்குங்க."

"எதுக்கு?"

"ஓட்டிப் பாக்கணும்."

"விழுந்துருவே. இந்த வயசுல எலும்பு கிலும்பு..."

"அன்னைக்கு எனக்கு எலும்பு இல்லையோ?"

இறுக்கினேன். சக்கரத்தையும் மற்றதையும் பூட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் பஞ்சு குடோனை ஒட்டி ஆள் நடமாட்டமில்லாத நீளமான சந்து ஒன்று உண்டு. அங்கே தள்ளிக்கொண்டு போனாள். சேலையை இழுத்துச் செருகி, காலைத் தரையில் உந்தி ஏறினாள். பத்தடி போகும் முன்னே சைக்கிள் சுவர்ப் பக்கம் இழுத்தது. காலை ஊன்றினாள். மறுபடி ஏறினாள். இந்த முறை எதிர்ப்பக்கம் வெட்டியது. மூன்றாவது முறை கொஞ்சம் கூடுதல் தூரம் போய், விழப் பார்த்து நின்றாள். நான் பிடிக்கப் போனேன். "அங்கயே நில்லுங்க" என்றாள்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"இதேதான். இந்த இழுப்புதான்" என்றாள். பிறகு மெதுவாக, "இதையா என் தலைன்னு நெனச்சேன்" என்றாள். அதை என்னிடம் சொல்லவில்லை.

"இப்பத் தளத்துங்க."

அங்கேயே சந்தில் குந்தி உட்கார்ந்து தளர்த்தினேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வழியையும் சொன்னேன். சைக்கிளின் சட்டத்தைப் பிடித்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி லேசாகச் சாய்த்தால், ஹேண்டில்பார் தானாக அந்தப் பக்கம் விழ வேண்டும். விழுந்தால் தடையில்லை. அவள் தூக்கினாள். ஹேண்டில்பார் விழுந்தது. மறுபக்கம் சாய்த்தாள். அந்தப் பக்கமும் விழுந்தது.

ஏறினாள். முதலில் வளைந்து வளைந்து போனாள். பிறகு நேரானது. சந்தின் முனையில் திரும்பி வருவாள் என்று நின்றேன். அவள் வலது பக்கம் திரும்பித் தெருவுக்குள் போய்விட்டாள். வெகுநேரம் ஸ்பேனரோடு நின்றேன். வந்தபோது முகமெல்லாம் வியர்வை.

மூன்று நாள் சாப்பாடு போட்டாள், பேசவில்லை. நான்காம் நாள் மகளுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். "உங்க வாயாலயே சொல்லுங்க."

சொன்னேன். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். "அப்ப எனக்குச் சைக்கிள் வேண்டாம்னு அம்மா சொன்னப்போ, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றாள். அதன்பின் அவள் அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். என்னை விசாரித்ததாக மனைவி சொல்வாள். சில நாள் அதையும் சொல்வதில்லை.

மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டீகள்லா" என்றாள். அவ்வளவுதான். விட்ட வேலை இனி வராது. தினமும் காலையில் காய் வாங்க அவள் சைக்கிளில்தான் போகிறாள். படியில் சுவரைப் பிடிப்பதில்லை. நான் கிரீஸ் போட்டுத் தருகிறேன் என்றதற்கு, கடையில் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

போகும் முன் பையை வாசலில் வைத்துவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை சாய்த்துப் பார்ப்பாள். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் விழுந்த பிறகுதான் ஏறுவாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பிடித்திருப்பேன். அதைச் செய்யாமல் அவள் ஒரு நாளும் ஏறியதில்லை. இன்று காலையும் செய்தாள்.