வால் மெலியும் பலகைகள்

முப்பத்தோராண்டுகள் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவர் என்பதால், ஓய்வு பெற்று ஆறாண்டுகள் ஆன பின்னும் தெருவில் அவருக்கு முத்திரைக்காரர் என்றே பெயர். பணியில் இருந்தபோது அவர் தலையைக் கண்டால் போதும், வியாபாரிகள் முகத்தில் ஈயாடாது. “தட்டுல தண்ணி பட்டுடுச்சு சார்”, “நேத்துவரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு” என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவர் எவரோடும் வாதாடியதில்லை. கொண்டுவந்த எடைக்கல்லைத் தட்டில் வைப்பார்; முள் அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார்; பிறகு “தராசு சரி” என்றோ “தராசு சரியில்லை” என்றோ இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவார்.

ஓய்வுக்குப் பின் அவருடைய உலகம் வீட்டை ஒட்டிய கார் ஷெட்டுக்குள் வந்து நின்றது. அங்கே கார் என்றைக்கும் இருந்ததில்லை. அதன் இடத்தில் மேசை ரம்பம் ஒன்று இருந்தது: இரும்பு மேசை, நடுவே ஒரு பிளவு, பிளவின் வழியே பாதி தலைநீட்டிச் சுழலும் வட்டப் பிளேடு, அதற்கு வலப்புறம் நீளவாக்கில் ஓர் இரும்புச் சட்டம். வலக்கையால் பலகையை முன்னே தள்ள வேண்டும். இடக்கையால் அதைச் சட்டத்தோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். பிளேடும் சட்டமும் தண்டவாளம்போல் இணையாக இருந்தால், வெட்டுப்பட்ட துண்டு தலையிலும் வாலிலும் ஒரே அகலமாக வெளிவரும். ஆறாண்டுகளாக அப்படித்தான் வந்தது. சொந்தபந்தத்தில் அவர் செய்த முக்காலி இல்லாத வீடு கிடையாது; வேண்டாம் என்றவர்கள் வீட்டில் இரண்டு இருந்தன.

மனைவி தையற்காரி. துணியைத் தரையில் விரித்து, முழங்காலிட்டு வெட்டியே முப்பதாண்டுகளைக் கழித்தவள். இப்போதெல்லாம் எழுந்திருக்கச் சுவரைத் தேட வேண்டியிருந்தது. “நின்னுகிட்டே வெட்டுற மாதிரி உனக்கு ஒரு மேசை செஞ்சு தர்றேன்” என்றார் அவர். மேற்பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர் அகலத்தில் பன்னிரண்டு பட்டைகள் தேவை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் கத்தரியின் நுனி அதில் போய் மாட்டிக்கொள்ளும்.

முதல் பட்டை வெளிவந்ததும் அளந்து பார்த்தார். தலை பத்து, வால் ஒன்பதே முக்கால். ஓரத்தில் பிளேடு உரசிக் கருகிய தடம் வேறு. இரண்டாவது பட்டையும் அப்படியே. மூன்றாவது இன்னும் மோசம்.

மனைவி தன் கழுத்தில் கிடந்த நாடாவால் ஒருமுறை அளந்து பார்த்தாள். “என்னங்க இது, குடைப்பாவாடைக்கு வெட்டின துண்டு மாதிரி இருக்கு?”

“மிஷின்ல ஏதோ தப்பு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.”

“அத நான் கடைக்காரங்களப் பத்திச் சொல்லுவேன். எனக்கே திருப்பிச் சொல்றியா?”

“முத்திர குத்தித் திருப்பிச் சொல்றேன்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

அவர் புதிய நோட்டு ஒன்றைத் தொடங்கினார். தப்பு எங்கெங்கே இருக்கலாம் என்று முதலில் எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்துவிடுவது திட்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடின் ஒரு பல்லில் சாக்பீசால் குறியிட்டார். மேசையில் நீளமாக ஓடும் பள்ளத்திலிருந்து அந்தப் பல்வரை முன்பக்கம் அளந்தார். பிளேடைக் கையால் சுழற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளந்தார். ஒரு தபால் அட்டையின் தடிமன் அளவுக்கு வித்தியாசம். திருடன் அகப்பட்டான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, பிளேடைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கி, இறுக்கினார். இப்போது முன்னும் பின்னும் ஒரே அளவு. இயந்திரத்தை ஓட்டிப் பலகையைத் தள்ளினார். வால் மெலிந்தது.

மறுநாள் சட்டத்தைச் சோதித்தார். பிறகு பிளேடையே மாற்றினார். பழைய பலகை ஈரத்தில் முறுக்கிக்கொண்டிருக்கும் என்று வேறு மரம் வாங்கினார். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தின்மீதே சந்தேகம் வந்து, அதைத் திருப்பிப் போட்டுக் கோடு கிழித்துப் பார்த்தார். மட்டம் சரியாகத்தான் இருந்தது. நான்கு போல்ட்டுகளையும் பதினோரு முறை தளர்த்தி இறுக்கிவிட்டார். நோட்டில் ஒவ்வொரு வரியாக அடிபட்டது. கோணல் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை.

அந்த நாட்களில் எதுவுமே அவருக்கு ஒத்துழைக்கவில்லை. இடது செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று விழுந்தது. வார் தளர்ந்துவிட்டதென்று புது ஜோடி வாங்கினார், அதுவும் கழன்றது. சட்டையின் வலது மணிக்கட்டுப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. “துளைய இவ்வளவு சின்னதாவா வைப்பாங்க?” என்று மனைவியிடம் சட்டையைக் கழற்றி எறிந்தார். அவள் அதை எடுத்துப்போனாள்.

ஒன்பதாம் நாள், தள்ளிக்கொண்டிருந்த பலகை பிளேடில் சிக்கி, விசையோடு பின்னால் பாய்ந்தது. அவருடைய இடுப்பை ஒரு சாண் தள்ளிக் கடந்துபோய், ஷெட்டின் தகரக் கதவில் பள்ளம் உண்டாக்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி கதவையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“வயித்துல பட்டிருந்தா என்னங்க ஆவுறது?”

“படலையே.”

“ஞாயித்துக்கிழமைவரைக்கும் பாக்குறேன். மிஷின்ல என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணுங்க. இல்லன்னா யாருக்காச்சும் தூக்கிக் குடுத்துடுவேன். எனக்கு மேசையும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

வேடிக்கைக்காக அவள் அப்படிச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். இயந்திரம் போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை, அவர் வரச்சொல்லியிருந்த மோட்டார் மெக்கானிக் வந்தான். எந்நேரமும் கையில் கறுப்பு அப்பியிருக்கும் என்பதால் அவனை எல்லாரும் கிரீஸ் என்பார்கள். பிளேடின் அச்சைப் பிடித்து ஆட்டினான். காதை வைத்துக் கேட்டான். முள் வைத்த அளவுக் கருவி ஒன்றைப் பொருத்திப் பிளேடைச் சுற்றவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து எழுந்து நின்றான்.

“சார், மிஷின் மணி மாதிரி இருக்கு.”

“நல்லாப் பாரு தம்பி.”

“எங்க அம்மாமேல சத்தியமா ஒரு கோளாறும் இல்ல.”

“அப்ப ஏன் கோணலா வெட்டுது? நீ ஒரு தடவ வெட்டிப் பாரேன்.”

“ஐயோ, ஆள விடுங்க. எனக்குப் பத்து வெரலும் வேணும். வேற யாரையாச்சும் வெட்டச் சொல்லுங்க சார். பிளேட மாத்திட்டீங்க, மரத்த மாத்திட்டீங்க, மாத்தாத சாமான் ஒண்ணுதான் பாக்கி” என்று அவரைச் சுட்டிச் சிரித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆயினும் அவர் நோட்டைப் புரட்டினார். எல்லா வரிகளும் அடிபட்டிருந்தன. அவன் சொன்ன அந்த ஒன்று மட்டும் அந்தப் பட்டியலில் எழுதப்படவே இல்லை.

மனைவியை அழைத்தார். எங்கே நிற்க வேண்டும், கை எதுவரைக்கும் போகலாம், கடைசிப் பகுதியைத் தள்ளுகட்டையால் எப்படித் தள்ள வேண்டும் என்று மூன்று முறை சொன்னார். “தையல் மிஷின்ல முப்பது வருஷமா வெரல் போகாம ஓட்டுறேன், சொன்னது போதும்” என்றாள். பலகையைச் சட்டத்தோடு அணைத்து, துணியை ஊசிக்கடியில் விடுவதுபோல ஒரே சீராகத் தள்ளினாள். பிளேடின் ஓசைகூட மாறிவிட்டது. அதுவரை கேட்ட முனகல் இல்லை. அவர் பட்டையை எடுத்து அளந்தார். தலை பத்து. வால் பத்து. கருகிய தடம் இல்லை.

“இன்னொண்ணு வெட்டு.”

வாழ்நாளில் முதன்முறையாக ஓர் அளவு தவறாக வர வேண்டுமென்று அவர் வேண்டிக்கொண்டார். கால் சென்டிமீட்டர் வேண்டாம். ஒரு மயிரிழை கோணினால்கூடப் போதும். இரண்டாவது பட்டையும் தலை பத்து, வால் பத்து.

“இந்த மரம் மிருதுவா இருக்கோ என்னமோ” என்றாள் மனைவி.

“நான் காலையில கோணலா வெட்டினதும் இதே பலகையிலதான். போய் அடுப்படித் தராச எடுத்துட்டு வா.”

பத்துக் கிலோவரை காட்டும் முள் தராசு அது. ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தராசை இரும்பு மேசைமீது வைத்தார். “நான் கண்ண மூடிக்கிறேன். பலகைய அழுத்துற மாதிரி அழுத்துவேன். முள் எங்க நிக்குதுன்னு சொல்லு.” முதலில் வலக்கையை வைத்து அழுத்தினார்.

“நாலு.”

கையை மாற்றினார். அதே விசையோடு இடக்கையால் அழுத்தினார். அதே விசைதான், தோள்வரை அவரால் அதை உணர முடிந்தது.

“சொல்லு.”

“நாலு... நாலுக்குக் கொஞ்சம் கீழ.”

தராசின் முன்னால் நின்று பொய் சொல்பவர்களின் குரலை முப்பத்தோராண்டுகள் கேட்டவர் அவர். கையை எடுக்காமலே கண்ணைத் திறந்தார். முள் ஒன்றரையில் நின்றது. இன்னும் பலமாக அழுத்தினார், பல்லைக் கடித்தார், கழுத்து நரம்பு புடைத்தது. முள் இரண்டைத் தொட்டு, நடுங்கி, மீண்டும் கீழே வந்தது.

“தராசு பழசுங்க” என்றாள் அவள்.

அலமாரியில், ஓய்வு பெற்ற அன்று சக ஊழியர்கள் நினைவாகக் கொடுத்த ஒரு கிலோ பித்தளை எடைக்கல் இருந்தது. அதை வலக்கையால் எடுத்துவந்து தட்டில் வைத்தார். முள் அசைந்தது, நின்றது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றின்மீது, கோட்டுக்கு இம்மியும் இப்பாலோ அப்பாலோ விலகாமல் நின்றது.

“தராசு சரி” என்றார் அவர்.

தளர்த்திப் பார்க்க இன்னும் ஒரு போல்ட்டு இருக்கிறதா என்று தேடுபவரைப் போல மேசையின் அடியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி தராசை எடுத்து, யார் கண்ணிலும் படக்கூடாத பொருளை மறைப்பதுபோல் அதன்மேல் ஒரு துணியைப் போட்டாள்.

“அன்னிக்கு நான் அந்தக் கூடம் கோணல்னு... விளையாட்டுக்குத்தாங்க சொன்னேன்.”

“தெரியும்.”

“கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். பெரிய ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமையும் டாக்டர் இருப்பாரு.”

“இன்னும் பத்துப் பட்டை பாக்கி இருக்கே.”

“அது எங்கயும் ஓடிடாது.”

அவள் வெட்டிய இரண்டு பட்டைகளையும் சுவரில் சாய்த்து வைத்தார். மரத்தூளைத் தட்டிவிட்டு, சுருட்டியிருந்த சட்டைக்கைகளை இறக்கினார். இடக்கைப் பொத்தானை வலக்கை போட்டது. வலக்கைப் பொத்தானை இடக்கை துளைக்குள் நுழைக்க முயன்றது, நழுவியது. அப்போதுதான் துளையைச் சுற்றிப் புதிய நூல் ஓடியிருப்பதைக் கண்டார். மற்றத் துளைகளைவிட அது ஒன்றரைப் பங்கு பெரிதாக இருந்தது. அவர் குறை சொல்லிக் கழற்றி எறிந்தது இந்தச் சட்டையை அல்ல.

“இதுலயும் பெருசு பண்ணினியா?”

“எல்லாச் சட்டையிலயும்.”

“எப்ப?”

“மூணு மாசம் இருக்கும். அன்னிக்கு நீங்க எறிஞ்சதும் பெருசு பண்ணினதுதான். வயசாகுதுல்ல, வெரல் மரத்துப்போயிருக்கும்னு நெனச்சேன். சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு...” அவள் முடிக்கவில்லை.

அவர் மறுபடி ஒருமுறை முயன்றார். பெரிதாக்கிய துளையின் ஓரத்தில் பொத்தான் தட்டுப்பட்டு, விலகிப்போயிற்று. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் வலது மணிக்கட்டை அவள் பக்கம் நீட்டினார்.