பாய் வீட்டு வாத்துகள்

இல்லாத வாத்துகளை எண்ணுவதற்காக மரம் ஏறிய மனிதனை நீங்கள் இதுவரை கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான்தான் அந்த ஆள். ஏறும்போது காதில் ஒரு பென்சிலையும் செருகிக்கொண்டேன். வெள்ளைக்காரன் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் அல்லவா? எதையும் எழுதிக்கொள்ளாமல் எண்ணினால் எனக்குக் கை அரிக்கும்.

அது மலாய் நாட்டை ஜப்பான்காரன் ஆண்ட காலம். காஜா பெராங்கில் எங்கள் சந்தில் அப்போது யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கன்னத்தைப் பார்த்துத்தான் பேசினோம். ஒருவன் கன்னத்தில் சதை இருந்தால் அவனுக்கு எங்கிருந்தோ அரிசி வருகிறது. கொடுப்பவன் யார்? அதற்கு இவன் பதிலுக்குக் கொடுப்பது என்ன? யாரைப் பற்றிய செய்தி? இப்படிக் கன்னத்தில் தொடங்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே காவல் நிலையம் வரை போய்வந்துவிடுவோம்.

சாப்பாடு என்று பார்த்தால், காலையில் அவித்த மரவள்ளி, மத்தியானம் துருவிச் சுட்ட மரவள்ளி, மாலையில் மரவள்ளியைப் பற்றிய பேச்சு. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வேளை மட்டும் சோறு உண்டு. பத்து பெரெண்டாம் பக்கம் வயல் வைத்திருந்த மலாய் நண்பர் ஒருவர், முன்பு நான் எழுதிக்கொடுத்த மனுக்களை மறக்காமல், மாதம் ஒரு சிறு மூட்டை நெல் அனுப்பிக்கொண்டிருந்தார். அதை நானேதான் குத்துவேன். உமி போனதோடு நிறுத்துகிற ஜாதி இல்லை நான். சிவப்பு போகும்வரை, தவிடெல்லாம் உதிரும்வரை, மூன்று முறை தீட்டுவேன். வேலை போனது, சம்பளம் போனது, காற்சட்டையில் பின்பக்கம் போனது. சோறாவது பழைய ரங்கூன் அரிசி மாதிரி மல்லிகைப் பூவாக இருக்கட்டுமே என்ற எண்ணம்.

"ஒரு தடவை குத்தினா போதாதாங்க? பாதி அரிசி பொடியாப் போவுது" என்பாள் மனைவி.

"கிராணி வீட்டுச் சோறு கறுப்பா இருந்தா ஊர் என்ன சொல்லும்?" என்பேன். ஊருக்குத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்றோம் என்பது வேறு விஷயம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பாய் குடியிருந்தார். ஜப்பான் சண்டைக்கு முன் தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நான் முதல் முறை தீட்டிய அன்றே வேலி மேல் அவர் தலை தெரிந்தது.

"கிராணி, தவிட்டக் கழிக்காதீங்க. சோத்தோட சேத்துத் தின்னுங்க. ஒடம்புக்கு அதுதான் நல்லது."

உலக்கையைச் சாய்த்து வைத்தேன். இரண்டு கைகளையும் அக்குளில் மடக்கிக்கொண்டு, இடுப்பை ஆட்டி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, "குவாக், குவாக்" என்று கத்தினேன். "நான் கிராணி பாய், வாத்து இல்ல!"

மனைவி சிரித்தாள். பாய் சிரிக்கவில்லை. "சரி, அப்ப வாத்துக்காவது குடுங்க" என்றார். மறுநாளிலிருந்து வேலி மேல் ஒரு பால் டின் வரும். நான் தவிட்டை நிரப்பி நீட்டுவேன், ஏதோ தர்மம் செய்கிறவன் மாதிரி.

அந்த வருஷக் கடைசியில் மனைவியின் கால் வீங்கத் தொடங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். விழுந்த குழி எழுந்துவர மறுக்கும். கிணற்றுக்குப் போய்த் திரும்பினால் மூச்சு வாங்கும். எங்கள் சந்திலேயே இரண்டு பேருக்குக் காலில் தொடங்கிய வீக்கம் நெஞ்சுக்கு ஏறியது; இருவரையும் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மூன்றாவது யார் என்று நான் யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெஸ்ஸர், "பயறு, முட்டை, பால் எல்லாம் குடுங்க" என்றார்.

"வெண்ணெய் தடவியா, தடவாமலா ஐயா?" என்று கேட்டேன். அவரும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் என் சிரிப்புக்கெல்லாம் ஆளே அகப்படவில்லை.

கால் வீக்கத்தை வெளியே சொல்லவில்லை. மனைவியைச் சேலையைத் தழைத்துக் கட்டச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீரையும் நானே இறைத்தேன். வீக்கம் என்று தெரிந்தால் ஊர் பார்க்க வரும்; வந்தால் சோறு தின்பதும் தெரிந்துவிடுமே!

ஆனால் பாய் வீட்டில்? அவர் பிள்ளைகள் நால்வருக்கும் ஆடுதசை முறுக்கேறி இருந்தது. பாயோ டயருக்குப் பதில் ரப்பர் குழாய் கட்டிய சைக்கிளில் கிளேபாங் வரை மிதித்துப் போய்வந்தார். என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது, அதுதானே ஆபத்து. இத்தனை தவிடு தின்கிற வாத்து ஒரு முட்டைகூடவா போடாது?

"பாய், வாத்து எப்படி இருக்கு?" என்று ஆழம் பார்த்தேன்.

"அல்லா புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கு."

"முட்டை?"

"போடல."

ஒரு நாளாவது வாத்து கத்திக் கேட்டிருக்கிறேனா? இல்லை. அப்படியென்றால் வாத்தையும் முட்டையையும் இரவோடிரவாக ஜப்பான்காரன் சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோகிறார். பதிலுக்கு அவர் கொடுப்பது யாருடைய பெயரை? நெல் மூட்டை வருகிற வீடு வேலிக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது!

பங்கீட்டு வரிசையில் ஒருவன் நிற்பான். அரிசி வாங்க வந்தவன் இல்லை. ஜப்பான்காரனுக்காகக் காது கொடுக்க வந்தவன். அவன் காதில் பாய் பேரை முதலில் போட்டுவிட்டால் நமக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். இப்போது எழுதும்போது பேனா கூசுகிறது. சொல்வதற்கு முன் வாத்துகளை எண்ணிவிடலாம் என்ற கிராணிப் புத்திதான் அன்று எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது.

மத்தியானம் வேலியோரத்து ரம்புத்தான் மரத்தில் ஏறினேன். பாய் வீட்டுப் பின்கட்டு முழுவதும் தெரிந்தது. வாத்தும் இல்லை, கூண்டும் இல்லை, ஒரு இறகுகூட இல்லை. பாயின் மனைவி என் தவிட்டைச் சலித்து வறுத்து, மரவள்ளி மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சட்டியில் மரவள்ளிக் கொழுந்தும் முருங்கைக்கீரையும். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தின்றன.

பூஜ்யம் என்று எழுதப் பென்சிலை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து முசுறுகள், மரத்தில் இலைக்கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்புகள், என் வேட்டிக்குள் தங்கள் விசாரணையைத் தொடங்கின. கையை விட்டேன். பாய் வீட்டுச் சர்க்கரைவள்ளிப் பாத்தியில் போய் விழுந்தேன்.

மண்வெட்டியோடு பாய் வந்தார். "என்ன கிராணி, வாசல் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"வாத்தப் பாக்கலாம்னு..."

"எந்த வாத்து?"

"என் தவிட்டத் தின்ன வாத்து."

அவர் பிள்ளைகளைக் காட்டினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பெரிய வாத்து நான்தான். எழுதிக்குங்க, பென்சில் இருக்கே." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எழுதி யாருக்கிட்ட குடுக்கப் போறீங்க?"

கேட்டுக்கொண்டே பிள்ளைகளை மறைத்தபடி வந்து நின்றார். அப்போதுதான் புரிந்தது.

"பாய், என்னையா சந்தேகப்படுறீங்க?"

"பின்ன? ஊரே கெழங்கு தின்னுது. நீங்க வெள்ளையாத் தீட்டித் தின்னுட்டுத் தவிட்ட அள்ளிக் குடுக்குறீங்க. ஜப்பான்காரனுக்கு வேண்டியவன்தான் அப்படித் தின்பான். நாங்க பயந்துகிட்டேல்ல டின்ன நீட்டுனோம்."

எறும்பைத் தட்டிவிடக்கூட மறந்து நின்றேன். பிறகு மனைவியின் காலைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய் மண்வெட்டியைக் கீழே போட்டார். "வீட்டுல வீக்கத்த வச்சிக்கிட்டா தவிட்டத் தூக்கிக் குடுத்தீங்க?" என்றார். அவர் மனைவி நாலு ரொட்டியை வாழை இலையில் மடித்து என் கையில் வைத்தார்.

அன்று முதல் ஒரே குத்து. தவிடு, கொழுந்து, கீரை என்று எல்லாம் சட்டிக்குப் போயின. சோறு கறுத்தது. ஊர் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரங்களில் மனைவி காலில் விழுந்த குழி தானாக எழுந்துகொள்ள ஆரம்பித்தது. ஒரு காலை அவளே கிணற்றுக்குப் போய், ஒரு வாளி நீரோடு திரும்பிவந்து, மூச்சு வாங்காமல் என்னைத் திட்டினாள். அந்தத் திட்டைப் போல இனிப்பான பேச்சை நான் கேட்டதில்லை.

பயம் போனதும் எனக்கு ரோஷம் வந்தது. வேலியருகே போனேன். பாய் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆனாலும் பாய், இது இவ்வளவு நல்ல சாப்பாடுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் நிமிரவே இல்லை.

"சொன்னேன்; நீங்க குவாக்னு கத்துனீங்க."